பதினேழாம் நம்பர் அட்டை

அமெரிக்காவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கே ஜனாதிபதியாக இருந்தவருக்கு அந்த நாட்டு ஜனங்கள் கைப்பட எழுதிய கடிதங்களை எங்கள் ஊரில் நாங்கள் டைப் செய்யத் தொடங்கிய நாற்பதாவது நாள் காலையில், அவற்றில் ஒன்றை எழுதிய மனிதர் பதில் வாங்கிப்போக வந்து எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பார்த்தது பெருக்க வரும் இசக்கியம்மாக்கா. முழங்கால்வரை சேறு காய்ந்த பூட்ஸும் கையில் ஒரு குதிரைக் கடிவாளமுமாக மூன்றாம் படியில் இருந்தவரிடம், "காலைக் கொஞ்சம் தூக்குங்கய்யா" என்று சொல்லி, அவர் தூக்கியதும் அடியில் பெருக்கித் தள்ளிவிட்டு மேலே வந்து துடைப்பத்தைச் சாத்தினாள்.

"கீழ ஒரு வெள்ளைக்காரர் உக்காந்திருக்காரு. பக்கத்துல போனா ஐஸ் பெட்டியத் திறந்த மாதிரி இருக்கு."

மரிய புஷ்பமக்கா படியின் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "கடிவாளம் வச்சிருக்காரா? அப்ப நேத்து நான் டைப் அடிச்ச கடுதாசிக்காரருதான். இவரு குதிரைய பட்டாளத்துக்காரங்க பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. செவலைக் குதிரை, வலது காதுல வெட்டு. திருப்பித் தாங்கன்னு எழுதியிருக்காரு." பிறகு மணியைப் பார்த்து, "ஒன்பதே காலாச்சு, நின்னு வேடிக்கை பார்த்தா பக்கம் யாரு முடிப்பா?" என்று எங்களை உள்ளே விரட்டினாள்.

எங்கள் ஆபீஸ் அதற்கு முன்பு தீப்பெட்டி ஆபீஸாக இருந்த கட்டடம். குச்சிக்கு மருந்து முக்கும் வேலை நின்று பதினைந்து வருஷம் ஆகியும் சுவரில் அந்த வாடை இருந்தது. மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பெண்கள், ஒரு முதலாளி. கடல் கடந்த ஏதோ ஒரு நூலகத்தில் படம் பிடித்து அனுப்பும் கடிதப் பக்கங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருத்தி திரையை இன்னொருத்தி பார்க்காமல், தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டும் ஒரு கமா பிசகாமல் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் பச்சை காட்டும், ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு காட்டிப் பக்கம் திரும்பி வரும். எனக்கு ஜோடி மரிய புஷ்பமக்கா. நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள், அவள் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் படித்தவள். எங்கள் பக்கங்களில் சிவப்பு விழுந்தால் தப்பு என் பக்கத்தில்தான் இருக்கும். "நீ கதை படிக்கிற செண்பகம், நான் எழுத்தைப் படிக்கிறேன்" என்பாள். வாடிக்கையாளர் போட்ட விதியை முதலாளி தமிழில் எழுதி சுவரில் ஒட்டியிருந்தார்: கண்ணில் படுவதை அடி, மனதில் படுவதை அடிக்காதே. வாசிக்கவே முடியாத சொல்லுக்கு மூன்று நட்சத்திரம்.

அதன்பிறகு பச்சை விழுந்த ஒவ்வொரு மனுவுக்கும் மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விதவைப் பென்ஷனுக்காக ஒருத்தி வந்தாள், தபால் ஆபீஸ் வேலை கேட்டு ஒற்றைக் கையோடு ஒருவன் வந்தான், ஜனாதிபதி தாடி வைத்தால் நன்றாக இருக்காது என்று சொல்ல மட்டும் ஒரு கிழவர் வந்தார். யாரும் பேசவில்லை. சாப்பாடு கொடுத்தால் கும்பிடுவதுபோலத் தலையைத் தாழ்த்திவிட்டுத் தொடாமல் இருந்தார்கள். அவர்கள் மேல் ஈ உட்காரவில்லை. சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும்போது அவர்கள் உடுப்பின் விளிம்பு மட்டும் பனியில் நடந்து வந்ததுபோல ஈரமாகவே இருந்தது, படி காயவே இல்லை.

ஊருக்கு இதில் பெரிய குழப்பம் ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊரில் மனு கொடுத்துக் காத்திருக்காத வீடு கிடையாது. பட்டாவுக்கு, முதியோர் பென்ஷனுக்கு, வெடி ஆபீஸில் கருகிப்போனவர்களின் உதவித் தொகைக்கு என்று திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போகிற ஏழே முக்கால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஆகவே வந்தவர்கள் மனுக்காரர்கள் என்று தெரிந்ததும் ஊர் அவர்களுக்கு ஒதுங்கி இடம் விட்டது. விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு பாஸ்போர்ட் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் போகவே, 'மனு கொடுக்க வந்தோர், தொந்தரவு இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கனகவேல் அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது.

"நம்பர் இல்லாத மனுவ எவன் தேடுவான்? முன்னாடி வந்தவரு பின்னாடி போயிருவாரு, பின்னாடி வந்தவரு முன்னாடி போயிருவாரு, நியாயம் வேண்டாமா?"

பழைய தீப்பெட்டி மேலட்டைகளைக் கத்தரித்து, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டு, வந்த வரிசைப்படி ஆளுக்கொன்று கொடுத்தார். அவர்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மடியில் வைத்த அட்டையில் ஒரு பக்கம் நம்பரும் மறுபக்கம் மயில் படமுமாக, படி முழுக்க, படி நிறைந்ததும் வேப்பமரத்தடி முழுக்க, உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் இருப்பது வசதியாகவும் ஆகிவிட்டது. பூக்காரம்மா மல்லிகைக் கூடையைக் கொண்டுவந்து இருவருக்கு நடுவில் வைத்தால் சாயங்காலம்வரை பூ வாடாது என்று கண்டுபிடித்தாள். பால்காரர் கேன்களை ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிழலை விட்டுவிட்டு அவர்கள் ஓரமாக நின்றார்கள்.

அவர்கள் எப்போது போவார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று. ஜனாதிபதி எழுதிய பதில்களும் அதே கட்டுகளில் வந்துகொண்டிருந்தன. ஒரு பதில் டைப் ஆகிப் பச்சை விழுந்த நிமிஷம், கீழே அந்த ஆள் எழுந்து, அட்டையைக் கனகவேல் அண்ணாச்சி மேஜையில் வைத்துவிட்டு, ரயில் தண்டவாளத்தின் பக்கமாக நடந்து, ஈரக் கால்தடம் காய்வதற்குள் மறைந்துவிடுவார். பதில் நல்லதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செவலைக் குதிரை கிடைக்காது என்றுதான் வந்தது. கடிவாளக்காரர் எழுந்து போனார். பல கடிதங்களின் முதுகில் ஏதோ குமாஸ்தா 'கோப்பில் வைக்கவும்' என்று மட்டும் கிறுக்கியிருந்தான். அதை அடித்தாலும் போனார்கள்.

"இல்லைன்னாவது சொல்லிட்டா எந்திரிச்சுப் போயிரலாம்ல" என்றாள் அம்மா, இதைக் கேட்டபோது.

என் அம்மா பேச்சியம்மாள் மூன்று வருஷமாக அந்த ஏழே முக்கால் பஸ்ஸில் போகிறவள். என் அண்ணன் வேல்ச்சாமி வளைகுடாவில் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தான். மாற்று ஆள் வராததால் தொடர்ந்து இரண்டு நாள் காவல் நின்றவன் மூன்றாம் நாள் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அந்த நேரத்தில் கிடங்கு பற்றிக்கொண்டதில் உள்ளே இருந்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவனுக்கு மரண தண்டனை. மேல்முறையீடு எல்லாம் முடிந்து, மன்னிப்பு ஒன்றுதான் மிச்சம். அம்மா கலெக்டருக்குக் கொடுத்தாள், மந்திரிகளுக்குக் கொடுத்தாள், டெல்லிக்கும் அந்த நாட்டு அரசருக்கும் என்னை டைப் அடிக்கச் சொல்லி அனுப்பினாள். எல்லா ரசீதையும் மஞ்சள் பையில் வைத்திருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பதினேழாம் நம்பர் வந்தது ஆனி மாதத்தில். கறுப்பு கவுன், தாடைக்குக் கீழே நாடா கட்டிய கறுப்புத் தொப்பி, அம்மா வயசுதான் இருக்கும். அவள் கடிதத்தை அடித்தது நானும் புஷ்பமக்காவும். ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது, இரண்டாம் பக்கமும் உறையும் எப்போதோ தொலைந்துபோய்விட்டன. 'என் பையன் ஆற்றோரக் காவலில் நிற்கும்போது தூங்கிவிட்டான், அவனைச் சுடப்போகிறார்கள், அவன் சின்ன வயசிலிருந்தே படுத்ததும் தூங்குகிறவன்' என்று எழுதியிருந்தாள். பையன் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. அதை அடித்துவிட்டு நான் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டேன். அன்றைக்குப் புஷ்பமக்கா கொண்டுவந்த புளிசாதத்தில் பாதியை என் டப்பாவில் போட்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸிலிருந்து திரும்பியவள் நேரே படிக்கு வந்து பதினேழாம் நம்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு செவ்வாயும் வந்தாள். பிறகு தினமும்.

"என்னம்மா பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"என்னத்தப் பேச. அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, எனக்கு அவங்க பாஷை தெரியாது. அதனாலதான் சண்டை வரல."

நான் சிரித்தேன். ஆடியில் ஒருநாள் டீக்கடைக்காரர் அம்மாவிடம் கொடுத்த டீ அவள் கைக்குப் போனதும் ஆடை கட்டி ஆறிப்போனதைப் பார்த்தேன். அவள் குடிக்காமல் கீழே வைத்தாள். பூக்காரம்மா அதுவரை பதினேழுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கூடையை வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு வாரம் கழித்து இன்னொரு கூடையைக் கொண்டுவந்து அம்மாவுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். அம்மாவின் சேலைக் கொசுவத்தில் ஈரம் இருந்தது. மழை பெய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் போய்ச் சொல்ல எனக்கு வராது, பார்க்க மட்டும்தான் வரும். இசக்கியம்மாக்கா துடைப்பத்தோடு வந்தாள். அம்மாவும் அவளும் ஒரே தெரு, ஒரே தீப்பெட்டி ஆபீஸில் பத்து வருஷம் பெட்டி ஒட்டியவர்கள்.

"காலைக் கொஞ்சம் தூக்கு தாயி" என்றாள் இசக்கியம்மாக்கா அம்மாவிடம், முகத்தைப் பார்க்காமலே.

அம்மா தூக்கினாள். அவள் மடியில் தீப்பெட்டி அட்டை இருந்தது. நாற்பத்தொன்று.

நான் கீழே ஓடிப்போய், "அண்ணாச்சி, அது எங்கம்மா" என்றேன். கனகவேல் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா" என்றார். "வரிசையில இருந்தாங்க, கொடுத்துட்டேன். எடுத்துக்கிடவா?" அம்மா அட்டையை விடவில்லை. அவள் விரல்களைப் பிரிக்கப் பிடித்தேன். சுட்டதுபோலக் குளிர்ந்தது.

அதற்கு நான்காம் நாள் அந்தப் பக்கம் என் திரைக்கு வந்தது.

நான்கே வரி. ஜனாதிபதியின் கையெழுத்து எனக்கு அதற்குள் பழகியிருந்தது, சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து, பழுப்பு மை. 'ஆற்றோரக் காவலில் தூங்கிய பையனைப் பற்றி. அவனைச் சுட வேண்டாம். களைத்திருந்தான். தாயிடம் அனுப்பவும்.' முதல் வரியில் பையன் என்பதை அடுத்து ஒரு பெயர் இருந்தது. அதன் மேல் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. சாதாரணமாகப் பார்த்தால் ஒரு கறை. நாலு மடங்கு பெரிதாக்கினால் பெயரும் குலப்பெயரும் ஒவ்வொரு எழுத்தாக, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, தெரிந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் பதினேழாம் நம்பர் தொப்பி நாடாவைச் சரிசெய்துகொண்டாள். அம்மா அதைக்கூடச் செய்யவில்லை.

நான் நாலு வரியையும் அடித்தேன். பெயர் இருந்த இடத்தில் வேல்ச்சாமி என்று அடித்தேன்.

அது செல்லாது என்று எனக்குத் தெரியும். இரண்டு மேஜை தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டு வருஷமாக மனதில் படுவது எதையும் அடிக்காத மரிய புஷ்பமக்கா அதே பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பெயரை வாசித்து அடிப்பாள், அல்லது மூன்று நட்சத்திரம் போடுவாள், சிவப்பு விழும், பக்கம் திரும்பி வரும், அப்போது நான் ஒழுங்காக அடித்துக்கொள்ளலாம். ஆசைக்கு ஒருமுறை அடித்துப் பார்த்ததாக இருக்கட்டும் என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பச்சை விழுந்தது.

புஷ்பமக்கா திரும்பவில்லை. கீழே யாரோ படியிறங்குகிற சத்தம். நான் ஜன்னலுக்குப் போனேன். பதினேழாம் நம்பர் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா எழுந்து, அட்டையைக் கனகவேல் அண்ணாச்சி மேஜையில் வைத்துவிட்டு, "உளுந்து ஊறப்போட்டிருக்கேன், மறந்தே போச்சு" என்று சொல்லிக்கொண்டே வேகமாக வீட்டுப்பக்கம் நடந்தாள். அவள் கால்தடம் கொஞ்ச தூரம் ஈரமாக இருந்து, பிறகு புழுதியாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் புஷ்பமக்காவிடம், "அக்கா, அந்தப் பக்கத்துல…" என்றேன்.

"வாயத் திறக்காத" என்றாள், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "கண்ணுல படுறத அடின்னு சுவத்துல எழுதியிருக்கு. எனக்கு ரெண்டு மாசமா உங்கம்மாதான் கண்ணுல படுறாங்க."

இருபத்தோராம் நாள் அண்ணன் போன் பண்ணினான். ஜெயிலர் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினாராம். சாய்ந்த எழுத்தில் பழுப்பு மையில் நாலு வரி, கீழே அவர்கள் மொழிபெயர்த்து ஏழெட்டு முத்திரை குத்தியிருந்தார்களாம். யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. முத்திரை விழுந்துவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை. நூலகத்திலிருந்து மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது, அந்தப் பெயர் சரிதானா என்று. 'இரண்டு பேர் தனித்தனியாக வாசித்தும் ஒன்றுபோலவே வந்திருக்கிறது' என்று முதலாளி பெருமையாகப் பதில் போட்டார்.

அண்ணன் வந்த அன்று தெருவே திரண்டது. அம்மா இரண்டு நாள் அடுப்பை விட்டு எழவில்லை. அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான், எல்லாரையும் அடையாளம் தெரிந்துகொண்டான். ஆனால் தூங்கவில்லை. முதல் வாரம் அலுப்பு என்றார்கள், இரண்டாம் வாரம் ஜெயில் பழக்கம் என்றார்கள். வாசல் கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி, வெறும் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்திருப்பவன்போல நின்றான். படுக்கக் கூப்பிட்டால், "ஆள் மாத்தலையே" என்றான். கார்த்திகை பிறந்தபோது தெருவும் பழகிக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பால்காரர் அவன் காலடியில் கேனை வைத்துப் பார்த்துவிட்டு, "குளிரு பத்தல" என்று எடுத்துக்கொண்டார். பத்தவில்லை என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை.

தை முடியும்போது கட்டுகள் தீர்ந்தன. கடைசிக் குமாஸ்தாவின் கடைசிக் கிறுக்கலும் பச்சையானது. வேப்பமரத்தடி காலியாகிப் படிகள் காய்ந்தன. மூன்றாம் படி மட்டும் காயவில்லை. பதினேழாம் நம்பர் மயில் படம் போட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் ஒன்பது மணிக்கு நான் படி ஏறும்போது கவுனை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். அவள் என்னை ஒருமுறையாவது முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழிதான் விட்டாள்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் வரல?" என்று அம்மா கேட்டாள்.

"பேரு படிக்க முடியலம்மா. தண்ணி பட்டு அழிஞ்சிருக்கு" என்றேன். அண்ணன் வந்ததிலிருந்து எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

அம்மாவுக்கு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சள் பையை எடுத்து, பழைய ரசீதுகளை ஓரமாக வைத்துவிட்டு, கோடு போட்ட வெள்ளைத்தாளைப் பரீட்சை அட்டையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'பொருள்: காவலில் தூங்கிய பையனை மன்னித்துத் தாயிடம் அனுப்ப வேண்டி' என்று எழுதினாள்.

"கலெக்டர் என்னம்மா செய்வாரு? அது நூத்தம்பது வருஷம் ஆச்சு."

"எனக்கு மட்டும் என்ன, கேட்டதும் கொடுத்தாங்களா? நாளைக்கு ஏழே முக்கா பஸ்ஸுல அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஜன்னலோரம் சீட்டு தர்றேன்னாரு, குளுகுளுன்னு இருக்குமாம்." பேனாவை உதறினாள். "பேரு இல்லாம மனு வாங்க மாட்டாங்க செண்பகம். படிக்க முடியலைன்னா, பாதியாவது தெரிஞ்சிருக்குமே. நீ படிச்ச புள்ளைதானே. யோசிச்சுப் பாரு, பையன் பேரு என்ன?"

கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் சட்டையின் கைநுனி ஈரமாக இருந்தது. அதை அம்மா பார்த்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அவனுக்குத் தட்டில் சோறு போடும்போது விரலை ஒரு நிமிஷம் பிடித்துப் பார்ப்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் நான் அதை வாசித்தேன் என்று ஆகும். வாசித்தேன் என்றால் வேறெதையோ அடித்தேன் என்று ஆகும். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யார் நிற்பார்கள், யார் போவார்கள் என்று எனக்குத் தெரியாது.

"எஸ்ரா கோல்பி" என்றேன்.

அம்மாவின் பேனா தாளில் ஊன்றியபடி நின்றது. மை ஒரு புள்ளியாக விழுந்து பெரிதாகிக்கொண்டு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளை எடுத்துச் செருகினாள்.

"பேர இன்னொரு தடவை நிதானமாச் சொல்லு" என்றாள். "தப்பில்லாம எழுதணும்."

நான் இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கேட்டில் நின்றிருந்த அண்ணன், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தான்.